சிங்க்கின் அடியில் உள்ள கழிவு அரைப்பானைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

பாளையங்கோட்டையில் உள்ள உங்கள் வீட்டுச் சமையலறையில் கழிவு அரைப்பான் (உணவுக் கழிவை அரைத்துக் கழிவுக் குழாயில் விடும் கருவி) உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை. அடியிலும் நீர் சொட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள்.

உறுமல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது என்று பொருள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பெரும்பாலான கருவிகளின் அடிப்பாகத்தின் நடுவே உள்ள அறுகோணத் துளையில் ஆலன் சாவியைச் செருகி இருபுறமும் திருப்பினால், முருங்கைக்காய்ச் சக்கையோ வாழைத்தண்டு நாரோ விடுபட்டு, தட்டு மீண்டும் சுழலும். சத்தமே இல்லையென்றால், அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

நீர் எங்கிருந்து சொட்டுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். சிங்க் வாயின் விளிம்பில் கசிந்தால் கசிவை அடைக்கும் பழைய பட்டிப் பசையைச் சுரண்டிப் புதிதாகப் பூசி இறுக்கினால் போதும்; மோட்டாரின் அடியிலிருந்தே சொட்டினால் நீரைத் தடுக்கும் உள் சீல் தேய்ந்துவிட்டது, அதற்குப் பணம் செலவழிப்பது வீண் என்பதே என் கருத்து.

புதியது வாங்கும்போது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவரும் 120 வோல்ட் கருவி இங்கு நேரடியாக ஓடாது. சிங்க் துளையையும் அளந்துகொள்ளுங்கள். இக்கருவிகள் பொதுவாக மூன்றரை அங்குலத் துளைக்கானவை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாயை இணைப்பதானால், அரைப்பானின் பக்கவாட்டுத் துளையை மூடியிருக்கும் அடைப்பானை முன்னரே தட்டி எடுத்துவிட வேண்டும்.

தேங்காய்ப்பாலில் சொதி வைக்கும் நாளில் மிஞ்சும் தேங்காய்ச் சக்கையை மட்டும் தென்னையடிக்கே கொடுத்துவிடுங்கள்.