பாண்டு கேட்கிறார்கள், பயிற்சிக்கு அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தேன். பெண் டிப்ளமோ எலக்ட்ரிகல் முடித்து, ஓரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறாள். இப்போது கம்பெனியே செலவு செய்து பிஎல்சி (மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டர் மாதிரியான கன்ட்ரோலர்), ரோபோ பயிற்சிக்கு அனுப்புகிறது. பதிலுக்கு இரண்டு வருட பாண்டு, அதாவது அதற்குள் வேலையை விட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதித் தரும் பத்திரம், கேட்கிறது. "படித்து முடித்துத்தானே வேலைக்குப் போனாள், மறுபடியும் என்ன படிப்பு? சம்பளமும் ஏற்றவில்லை, வரன் பார்க்கிற நேரத்தில் பாண்டு வேறு" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அனுப்புங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பாண்டு பத்திரத்தை வரி விடாமல் படித்த பிறகு.

முதலில், அந்தப் பயிற்சி அவளுக்கு என்ன தரும் என்று பார்ப்போம். ஒரு பிரஸ் மெஷின் திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் கோளாறு இல்லை, கரன்ட் வருகிறது, ஆனால் ஓடமாட்டேன் என்கிறது. பின்னால் சூப்பர்வைசர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பயிற்சி இல்லாதவர் ரிலேயை மாற்றிப் பார்ப்பார், சென்சாரை மாற்றிப் பார்ப்பார், ஒயரை இழுத்துப் பார்ப்பார். பிஎல்சி தெரிந்தவர் பேனலைத் திறந்து, லேப்டாப்பை இணைத்து, எந்த இன்புட் வரவில்லை என்று பார்ப்பார். பாதுகாப்புக் கதவு சரியாகச் சாத்தவில்லை, அதன் ஸ்விட்ச் சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம். முன்னவருக்கு அரை ஷிப்ட் போகும் வேலை இவருக்குச் சில நிமிடம். அடுத்த முறை லைன் நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதைக் கல்லூரியிலேயே படித்திருப்பாளே என்பீர்கள். படித்திருக்கலாம், பரீட்சைக்காக. நின்றுபோன மெஷின் முன்னால் திணறிய ஒருத்தி அதே பாடத்தைக் கேட்கும்போது கேள்விகளோடு வந்து உட்காருவாள். வேலைக்குப் போன பிறகு படிப்பதில் உள்ள பெரிய லாபம் இது. நாற்பது வயதைத் தாண்டிய எலக்ட்ரீஷியன்கள்கூட இந்த மாதிரி வகுப்புகளில் நன்றாகவே தேறுகிறார்கள். லேப்டாப்பைத் தொடத்தான் முதல் வாரம் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

சம்பளம் உடனே ஏறாது. பெரும்பாலும் பயிற்சி முடித்த கையோடு யாரும் ஏற்றுவதில்லை. ஆனால் சீமென்ஸ், மிட்சுபிஷி கம்பெனிகளின் பிஎல்சி கன்ட்ரோலர்கள் ஓரகடத்தில் மட்டுமா இருக்கின்றன? ஓசூரிலும் கோவையிலும் இருப்பவை அவைதான். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும் இந்த வித்தை கூடவே போகும். பயிற்சியை எடைபோட நான் பார்ப்பது இதைத்தான்: கம்பெனி கேட்டைத் தாண்டினால் அதற்கு மதிப்பு உண்டா? அந்தக் கம்பெனியின் படிவங்களை நிரப்பவும், அங்கே மட்டும் ஓடும் சாஃப்ட்வேரை இயக்கவும் சொல்லிக்கொடுப்பதும் பயிற்சிதான், தவறில்லை. ஆனால் அதற்காகப் பாண்டு எழுதித் தரக் கூடாது. "டிரெய்னிங்" என்று பெயர் வைத்து, இரண்டு வருடம் ஒரே இடத்தில் போல்ட் முடுக்க வைக்கிற இடங்களும் உண்டு. அதற்குப் பேர் பயிற்சி இல்லை, குறைந்த கூலி.

சரி, பாண்டுக்கு வருவோம். "கோர்ட்டுக்குப் போனால் பாண்டு செல்லாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்று வருடம் முடிக்காமல் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி போட்ட நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வேலையை விட்ட பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்று தடுப்பது வேறு விஷயம்; அதை 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு ஏற்பதில்லை. கேட்கும் தொகையும் நியாயமானதாக இருக்க வேண்டும்.

அதனால் பத்திரத்தில் இவற்றைப் பாருங்கள். இரண்டு வருடம் எப்போதிலிருந்து, பயிற்சி தொடங்கும் நாளிலிருந்தா, முடியும் நாளிலிருந்தா? தொகை எவ்வளவு, வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப அது குறையுமா? கம்பெனியே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டால் கட்ட வேண்டுமா? பயிற்சிச் சான்றிதழ் அவள் கையில் வருமா? கடைசியாக ஒன்று: அசல் மார்க் ஷீட்டைக் கேட்டால் கொடுக்கவே கூடாது. நகல் போதும். அசலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தரட்டும்.

நிபந்தனை பிடிக்கவில்லை என்றாலும் படிப்பை விட வேண்டாம். கிண்டியில் என்எஸ்டிஐ என்கிற மத்திய அரசின் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு ஏடிஐ என்ற அதன் பழைய பெயரைச் சொன்னால்தான் புரியும். வேலையில் இருப்பவர்களுக்கென்றே அங்கே குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. சொந்தக் காசில் சேரலாம், பாண்டு தொல்லை இல்லை. லீவு மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

பி.இ. ஆசையும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வேலையில் இருப்பவர்களுக்கு வசதியான நேரத்தில் டிப்ளமோ, பி.இ. வகுப்பு நடத்த 2023-24 முதல் கல்லூரிகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ அனுமதி தந்து வருகிறது. பக்கத்தில் எந்தக் கல்லூரி நடத்துகிறது என்று விசாரியுங்கள். மாலை வகுப்பு என்றால், சேருவதற்கு முன்பே ஜெனரல் ஷிப்ட் தருவார்களா என்று கேட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறுகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே நின்றுவிடுகிறார்கள். உறவினர் யாராவது ஏஎம்ஐஇ (கல்லூரிக்குப் போகாமல் எழுதும் இன்ஜினியரிங் தேர்வு) எழுதச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2013 மே 31-க்குள் பதிந்தவர்களுக்குத்தான் அது பி.இ.க்குச் சமம்.

வரன் வந்தால் பாண்டு விவரத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளியூர்ச் சம்பந்தம் என்று வேலையை விட வேண்டி வந்தால் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதும் பத்திரத்தில் இருக்கும். கையெழுத்துப் போட அவசரப்படுத்தினால் இரண்டு நாள் அவகாசம் கேட்கச் சொல்லுங்கள். நகலை எனக்கு அனுப்பினால் படித்துவிட்டுச் சொல்கிறேன்.