ஏகப்பட்ட வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு எதையுமே முடிக்க முடியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி கேட்டவர் தன் நிலையையும் எழுதியிருக்கிறார். கோவையில் வேலை, ஊரில் அப்பா விட்டுப்போன தோட்டம், பாதியில் நிற்கும் வீடு, மகன் பத்தாம் வகுப்பு, அம்மாவுக்கு முட்டிவலி வைத்தியம், இதற்கு நடுவில் ஆசைப்பட்டுச் சேர்ந்த கிடார் வகுப்பு. பதில் சொன்ன பலரும் "முக்கியமானதை முதலில் செய்யுங்கள்" என்றிருக்கிறார்கள். குடும்பத்துக்குள் இந்த யோசனை செல்லாது. ஒவ்வொரு வேலையும் வீட்டில் யாரோ ஒருவருக்கு முக்கியம்தான். அத்தையின் கண் ஆபரேஷனா, மகளின் நீட் தேர்வா, எது பெரிது என்று கூடத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், ராத்திரிச் சாப்பாட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த வேலையின் தேதி யார் கையில் இருக்கிறது?

எங்களுக்குக் கொடைக்கானல் கீழ்மலை, தாண்டிக்குடிப் பக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. மாமனார் காலத்துக் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை. வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்க்கிறார். அத்தை எங்களோடு இருக்கிறார். கொழுந்தனார் வத்தலக்குண்டில். மகள் ப்ளஸ் டூ. பட்டா மாற்றம், பின்கட்டில் ஒரு அறை, அத்தையின் கண், மகளின் படிப்பு, வீட்டுக்காரரின் தேனீ ஆசை, எனக்குக் கார் ஓட்டப் பழக வேண்டும் என்ற ஆசை, எல்லாம் ஒரே வருஷத்தில் வந்து நின்றன.

இதில் காப்பியின் தேதி எங்கள் கையில் கிடையாது. பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை, ஓர் அங்குலம் அளவுக்காவது பெய்தால், பத்து நாளுக்குள் தோட்டம் வெள்ளையாகப் பூத்துவிடும். அங்கிருந்து எட்டு ஒன்பது மாதம் எண்ணிக்கொண்டால் பழ எடுப்பு கார்த்திகை, மார்கழியில் வந்து விழும். எங்கள் மலைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆக, பழம் சிவக்கும் காலமும் மழைக்காலமும் ஒன்று. போதாக்குறைக்குப் பள்ளியில் அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான்.

மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்த நெருக்கடி தெரியாது, அதனால் சொல்கிறேன். பறித்த பழம் அன்றைக்கே பல்ப்பரில், அதாவது தோல் நீக்கும் இயந்திரத்தில், போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று மூட்டையிலேயே விட்டால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். காப்பியாகக் குடிக்கும்போதும் அந்த வாடை போகாது. தோல் நீக்கிய கொட்டையைத் தொட்டியில் ஊறவிட்டு, வழவழப்புப் போகக் கழுவி, களத்தில் காயப்போட வேண்டும். சாயங்காலம் பனி இறங்குவதற்குள் கூட்டித் தார்ப்பாய் போட வேண்டும். நடுவில் தூறல் விழுந்தால் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்துக்கு ஓட வேண்டியதுதான். விடைத்தாள் கட்டு ஒரு கையில், தார்ப்பாய் முனை ஒரு கையில் என்று நின்றிருக்கிறேன். மரத்திலேயே கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றால் பழம் உதிரும். உதிர்ந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டால் காய்த்துளைப்பான் வண்டு அதிலேயே பெருகி அடுத்த வருஷக் காய்க்கும் வரும். பாதி செய்துவிட்டு நிறுத்த முடியாத வேலை இது. அதனால் அந்த இரண்டு மாதமும் வீட்டில் வேறு பேச்சே எடுப்பதில்லை. "பொங்கல் கழியட்டும்" என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

பட்டா இரண்டாவது வகை, தேதி அலுவலகத்தின் கையில். நிலம் இன்னும் மாமனாரின் அப்பா பேரில் இருந்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு, அப்புறம் பட்டா மாறுதல். ஒன்று கைக்கு வந்தால்தான் அடுத்தது நகரும். பாகம் பிரிப்பதால் உட்பிரிவு வேறு செய்ய வேண்டும். அதற்குச் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். எழுதினால் மலைப்பாக இருக்கும். ஆனால் நம் கையால் செய்வது என்று பார்த்தால் விண்ணப்பம் போடுவது, கையெழுத்து வாங்குவது, ஓரிரு நடை நடப்பது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் காத்திருப்பு.

காத்திருக்கும் வேலையை வைத்துக்கொண்டு நான் செய்யும் சின்னத் தந்திரம் இது: பழ எடுப்பு தொடங்குவதற்கு முன்பே, புரட்டாசிக்குள், இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன். களத்தில் நாங்கள் தார்ப்பாயோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அது பாட்டுக்கு அலுவலகத்தில் மேஜை மாறிக்கொண்டிருக்கும். எப்படியும் ஆகிற தாமதம் நமக்கு நேரம் இல்லாத மாதத்திலேயே ஆகிவிட்டுப் போகட்டுமே. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கை ஓய்ந்தபின் விண்ணப்பம் போடுகிறார்கள், கை ஓய்ந்திருக்கும் மாதம் முழுக்கக் காத்திருக்கிறார்கள், பதில் வரும்போது அடுத்த நெருக்கடி வந்துவிடுகிறது. உங்கள் அம்மாவின் முட்டிக்கும் இது பொருந்தும். டாக்டரிடம் தேதி வாங்குவதை இன்றைக்கே செய்யலாம். தேதி எப்படியும் தள்ளித்தான் கிடைக்கும்.

இன்னொன்று. பட்டா சம்பந்தப்பட்ட காகிதம் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் இருக்கிறது. பை யார் வீட்டில் இருக்கிறதோ அந்த வேலை அவருடையது. இப்போது கொழுந்தனாரிடம் இருக்கிறது. நான் போன் போட்டு "என்னாச்சு?" என்று கேட்பதில்லை. அவரால் முடியாவிட்டால் பை திரும்பி வரும், அப்போது நான் பார்த்துக்கொள்வேன். குடும்ப வேலைகளில் பாதி நேரம் விசாரிப்பதிலேயே போகிறது. நாலு பேர் தலையில் இருக்கும் வேலை ஒருவர் கையிலும் இருக்காது.

மூன்றாவது வகைதான் ஆளைக் கொல்வது. அறை கட்டுவது, தேனீ வளர்ப்பது, கார் பழகுவது. தேதி முழுக்க நம் கையில். யாரும் கேட்க மாட்டார்கள், எதுவும் உதிராது. அதனாலேயே எல்லாவற்றையும் தொடங்கிவிடுகிறோம். தொடங்குவதற்குத்தான் காசும் நேரமும் தேவைப்படுவதில்லையே! இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் எங்கள் வீட்டில் கிடையாது. ஒன்று முடியாமல் அடுத்ததற்கு ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது. பாதி வேலை சும்மா கிடக்கும் என்று நினைக்காதீர்கள். மலையில் மூடுபனிக் காலத்தில் சிமெண்ட் மூட்டையை அடுக்கிவைத்துவிட்டுக் கொத்தனாருக்காகக் காத்திருந்து பாருங்கள். ஈரம் ஏறிக் கட்டி தட்டிப்போகும்; கீழேயிருந்து ஏற்றிவந்த வண்டி வாடகையும் சேர்ந்து போகும். வீடு கட்டுகிறவர் எங்கே நிறுத்தலாம் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். மேலே கான்கிரீட் போட்டு, நீர் கட்டி, முட்டுப் பிரித்தாகிவிட்டதென்றால் பூச்சு வேலையை ஆறு மாதம் ஒத்திப்போடலாம், ஒன்றும் ஆகாது. சுவர் எழும்பிக் கூரை இல்லாமல் மழைக்காலத்துக்குள் நுழையவே கூடாது. உங்கள் வீடு எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதவில்லை. நிறுத்தக்கூடிய இடத்தில் நின்றிருந்தால் மனதை உறுத்தாமல் விட்டுவிடுங்கள்.

தேனீ விஷயத்தில் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம். காப்பி பூக்கும்போது பெட்டி வைத்தால் காய்ப்பும் கூடும், தேனும் கிடைக்கும் என்பது அவர் வாதம். அதில் தப்பில்லை. ஆனால் மழைக்காலத்தில் பூ இல்லாதபோது சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும், பெட்டிக் காலில் எறும்பு ஏறாமல் பார்க்க வேண்டும், கூட்டம் மெலிந்தால் மெழுகுப் பூச்சி வந்துவிடும், கவனிக்காவிட்டால் ஒருநாள் கூண்டோடு பறந்து போய்விடும்.

"ஏங்க, பெட்டி வாங்குறது சரி. கார்த்திகையில யாரு பாகு வைக்கிறது?"

"பாத்துக்கலாம்மா."

இந்தப் பதில் வந்தால் அந்த வேலை இந்த வருஷம் கிடையாது. சில ஆசைகள் தொடங்கும்வரைதான் நம் சொல் கேட்கும். தொடங்கிவிட்டால் தேதியை அவையே எடுத்துக்கொள்ளும். தேனீ, மாடு, கோழி, நாய்க்குட்டி எல்லாம் அந்த ரகம். கிடார் அப்படி இல்லை. மூலையில் சாத்தி வைத்தால் பாகு கேட்காது. வகுப்புக்குக் கட்டிய பணத்தை நினைத்து மட்டும் அதை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, சொந்த ஆசைக்கு நேரம் எப்போது? எனக்கு ஆடி மாதம். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தம் வரிசைகட்டி நிற்கும். மலையிலிருந்து இறங்கி ஒரு கல்யாணத்துக்குப் போய்வர இரண்டு நாள் ஆகிவிடும். (புதுக் காலண்டர் வந்ததும் முகூர்த்த நாட்களைப் பார்த்து, எந்தக் கல்யாணத்துக்கு வீட்டில் யார் போவது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் எல்லோரும் போவது இல்லை. இரண்டு வருஷம் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.) மார்கழியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் அது காப்பிக்குப் போய்விடுகிறது. ஆடியில் விசேஷம் இல்லை, பொதுத்தேர்வு இல்லை, தோட்டத்தில் களையெடுப்பும், செடியில் வேண்டாத சிம்புகளை ஒடிப்பதும் மட்டும்தான். ஆனால் அத்தைக்கு ஒரு நம்பிக்கை, நம்மில் பலருக்கும் உள்ளதுதான்: ஆடியில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. தொடங்கத்தானே கூடாது, முடிக்கலாமே! அதனால் ஆடி முழுக்க வீட்டில் பாதியில் கிடப்பதை எடுத்து முடிப்பது மட்டும்தான். ஆதாரில் மகள் பேரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியது, கை மட்டும் தைக்காமல் கிடந்த ஜாக்கெட், மிளகு விற்ற கணக்கு எல்லாம் ஆடியில் முடிந்தவை.

கார் பழக எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போட்டது மே விடுமுறையில். அதற்கு ஆறு மாதம் ஆயுள், ஒரு மாதம் கழிந்தால் டெஸ்டுக்குப் போகலாம். ஆடியில் போனேன்.

"ஆடியிலயா லைசென்ஸ் எடுக்குற?"

"மே மாசமே ஆரம்பிச்சாச்சு அத்தை. இது முடிக்கிறது."

"வாத்தியாரம்மாகிட்ட பேசி ஜெயிக்க முடியுமா" என்று வெற்றிலையைக் கிழித்துக்கொண்டே சொன்னார். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் இப்போதும் எனக்குக் கை வேர்க்கிறது, அது வேறு விஷயம். ஆனால் பஸ் நேரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த எத்தனையோ வேலைகள் இப்போது இல்லை. கொடைக்கானல் தாலுகா அலுவலகம் போய் மதியத்துக்குள் திரும்பிவிட முடிகிறது. அதனால்தான் மூன்று ஆசைகளில் இதை முதலில் எடுத்துக்கொண்டோம். மற்ற வேலைகளுக்கு வழிவிடுகிற ஆசை இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள்.

எவ்வளவு திட்டம் போட்டாலும் ஒரு மாதத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைமேலும் ஏறி வந்தபோது நிழல் மரங்கள் காப்பிச் செடிமேலேயே சாய்ந்தன. பழ எடுப்பு நேரம். அந்த வருஷம் தை, மாசியில் நினைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. மரம் அப்புறப்படுத்துவதே வேலையாக இருந்தது. அன்றிலிருந்து மாசிக்கு நான் எதையும் ஒதுக்குவதில்லை. ஒன்றும் வராத வருஷம் மாசியில் தூங்குவேன்.

மகள் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு எதுவும் இல்லை. மார்ச்சில் பொதுத்தேர்வு, மே தொடக்கத்தில் நீட். தேதி அரசாங்கம் வைத்தது, உழைப்பு அவளுடையது. நான் செய்வது வீட்டு வேலை எதுவும் அவள் மேஜைவரை போகாமல் பார்ப்பது. அதற்கே பாதித் தெம்பு போகிறது.

அத்தைக்கு ஒரு கண் முடிந்தது. புரை உடனே எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் இல்லை என்று டாக்டர் சொன்னதால், மதுரைக்கு அழைத்துப்போவதைக் காப்பிக்கும் கல்யாணங்களுக்கும் நடுவில் வைத்தோம். ஆபரேஷன் ஆனபின் சில வாரம் சொட்டு மருந்து விட வேண்டும். தூசு, புகை ஆகாது. அடுப்படியையும் களத்தையும் தாண்டாமல் எங்கள் வீட்டில் நடமாட முடியாது, அதுதான் பெரிய பாடு. இரண்டாவது கண்ணுக்கு ஆவணியில் தேதி கேட்டிருக்கிறோம். அதற்குள் பின்கட்டு அறைக்குச் சன்னல் கதவு மாட்டிவிட்டால் அத்தையை அங்கே படுக்க வைக்கலாம், புகை போகாது. தச்சர் ஆடியில் புது வேலை எடுக்க மாட்டாராம். நிலை வைத்ததே அவர்தான், இது பழைய வேலையின் பாக்கி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.