ட்ரோன் போரின் மனச்சுமையைச் சொல்லும் 'ஐ இன் தி ஸ்கை' படம் உண்மைக்கு எவ்வளவு நெருக்கமானது?

நெருக்கமானதுதான், ஓர் இடத்தைத் தவிர. அந்த இடத்தில்தான் எனக்கும் இந்தப் படத்துக்கும் வழக்கு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். முடிவையும் சொல்லத்தான் போகிறேன். வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 2015இல் வந்த படம், இயக்கியவர் கேவின் ஹூட். நைரோபியில் ஒரு வீட்டில் அல்-ஷபாப் பயங்கரவாத அமைப்பினர் கூடியிருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கும் நடவடிக்கையைப் பிரிட்டனிலிருந்து நடத்துகிறார் கர்னல் பாவெல் (ஹெலன் மிர்ரன்). ரீப்பர் என்னும் ட்ரோனை ஓட்டுபவர்கள் நெவாடா பாலைவனத்தில். முகங்களை ஒப்பிட்டு ஆளை உறுதி செய்பவர்கள் ஹவாயில். அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் லண்டனில் ஒரு மேசையைச் சுற்றி. வீட்டுக்குள் தற்கொலை அங்கிகள் தயாராவது தெரிந்ததும் 'பிடிப்பது' என்பது 'கொல்வது' ஆகிறது. அந்த நேரம் பார்த்து, வீட்டுச் சுவரோரம் ஒரு சிறுமி மேசை போட்டு ரொட்டி விற்க வந்து நிற்கிறாள்.

இவ்வளவுதான் கதை. மீதி நேரமெல்லாம் ஏவுகணையை விடலாமா கூடாதா என்று ஆளுக்கு ஆள் கைகாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் சிங்கப்பூரில் வயிற்றுக் கோளாறோடு கழிப்பறையிலிருந்து பேசுகிறார். அமெரிக்க அமைச்சர் சீனாவில் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருக்கிறார். சிரிப்பு வருகிறது, சிரித்ததற்காக உடனே கூச்சமும் வருகிறது.

படத்தை நான் இருமுறை பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்ததற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. 4 ஆண்டுகள் ஒரு கிடங்கின் கண்காணிப்பு அறையில் இரவுப் பணி பார்த்தவன் நான். 16 கட்டங்களாகப் பிரிந்த ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு தொலைபேசி. 7ஆம் கேமராவில், சரக்கு ஏற்றும் மேடையில், ஒரு பெரியவர் வேலை செய்வார். ஒருநாளும் அவரோடு பேசியதில்லை. ஆனால் இடது காலைச் சற்று இழுத்து நடப்பார் என்பது தெரியும். ஓய்வு கிடைத்தால் தூணில் சாய்ந்து, கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே ஏதோ பாடுவார். வாய் அசைவது தெரியும், ஒலி கிடையாது. ஓர் இரவு அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து அவர்மேல் விழுந்தன. தொலைபேசியை எடுத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆள் போய்ச் சேர 6 நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் கை அசைவதும் நிற்பதும் திரையில் தெரிந்தது. கேமராவைப் பெரிதாக்க முடிந்தது. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

பிழைத்துக்கொண்டார், வேலைக்குத் திரும்பவில்லை. பணி முடிந்து 20 நிமிடத்தில் நான் வீட்டில் இருந்தேன். வாங்கிவரச் சொன்ன பல்பு எங்கே என்று கேட்டார்கள்.

நான் யாரையும் கொன்றவன் அல்லன். இதைப் போரோடு ஒப்பிடுவது பேதைமை என்று எனக்கே தெரியும். ஆனாலும் 'இருந்த இடத்தில் இருந்துகொண்டு வீடியோ கேம் ஆடுகிறார்கள்' என்று ட்ரோன் இயக்குநர்களைப் பற்றி யாராவது சொன்னால் அந்த 6 நிமிடம் நினைவுக்கு வந்துவிடும். போர் விமானி குண்டைப் போட்டுவிட்டுப் பறந்துவிடுவார். ட்ரோன்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. ஓர் ஆளை மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் பார்க்க வேண்டும். அவன் எப்போது எழுகிறான், யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், எந்தக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது என்றெல்லாம் தெரிந்துவிடும். ஏவிய பிறகு, இலக்கைத் தொடும்வரை லேசர் ஒளியை அதன்மேல் பிடித்திருக்க வேண்டியவர் பக்கத்து இருக்கையில் இருக்கும் சென்சார் இயக்குநர். புகை அடங்கியதும் கிடப்பது யார் என்று அடையாளம் சொல்ல வேண்டியவர்களும் இவர்களே. வேலை முடிந்தால் நெவாடாவில் இவர்கள் இருக்கும் கிரீச் விமானத் தளத்திலிருந்து லாஸ் வேகஸுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார்ப் பயணம். இவர்களுக்கு வரும் மனநலச் சிக்கல்கள், களத்தின்மேல் பறக்கும் விமானிகளுக்கு வருவதற்கு ஏறத்தாழ இணையானவை என்று அமெரிக்கப் படைத்துறை மருத்துவ ஆய்வு ஒன்றே 2013இல் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் இவர்களையும் உள்ளடக்கி ஒரு தனிப் பதக்கத்தை அறிவித்தார்கள். களத்தில் நின்றவர்களின் பதக்கத்துக்கு மேலே இதை வைப்பதா என்று முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். இரண்டே மாதத்தில் பதக்கம் போயே போயிற்று. பதக்கம் போனதில் எனக்கும் வருத்தமில்லை, காரணம் வேறாக இருந்தாலும்.

படத்தில் இந்தப் பகுதியெல்லாம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்னும் நுட்பமாக இருப்பவை இரண்டு காட்சிகள்.

ஒன்று ரொட்டி. பழந்தமிழ்ப் பாட்டு ஒன்றில், அம்பு தொடுக்குமுன் பகைநாட்டுப் பெண்டிரையும் பிணியுடையோரையும் பார்த்து 'உங்கள் அரண் சேருங்கள்' என்று அறிவிக்கிறார்கள். மேலே பறக்கும் ரீப்பர் யாருக்கு எதை அறிவிக்கும்? அந்தப் பொறுப்பு இங்கே தரையில் இருக்கும் உளவாளி ஜாமாவின் தலையில் விழுகிறது. எல்லா ரொட்டியையும் வாங்கிவிட்டால் சிறுமி வீட்டுக்குப் போய்விடுவாள் என்று கணக்குப் போடுகிறான். காசும் கொடுத்துவிடுகிறான். அதற்குள் ஆயுதக் குழுவினர் அடையாளம் கண்டுகொள்ள, ரொட்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். சிறுமி என்ன செய்கிறாள்? விழுந்த ரொட்டிகளைப் பொறுக்கி மறுபடியும் மேசையில் அடுக்குகிறாள். விற்றதையே இன்னொருமுறை விற்க ஒரு வாய்ப்பு. எந்தக் குழந்தையும் அதைத்தான் செய்யும்.

இன்னொன்று எண். ஏவுகணை விழுந்தால் சிறுமி சாக எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று கணக்கிட ஒரு சார்ஜென்ட் இருக்கிறார். அவர் சொல்லும் எண் 50க்கு மேலே நிற்கிறது. கர்னலுக்கு 50க்குக் கீழே வேண்டும். இலக்கைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்கள், இந்த மூலையில் விழுந்தால், அந்த மூலையில் விழுந்தால் என்று அவர் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கடைசியில் 45 என்று மேலிடத்துக்குப் போகிறது. யாரும் யாரையும் மிரட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. அந்த இளைஞரின் முகத்தை மட்டும் பாருங்கள்.

இது சினிமாவுக்காகச் செய்த ஜோடனை என்று நினைத்தால், 2010 பிப்ரவரி 21 அன்று ஆப்கானிஸ்தானின் உருஸ்கானில் நடந்ததை அறிந்துகொள்ள வேண்டும். மூன்று வண்டிகளில் போன பயணிகளை நெவாடாவிலிருந்து பிரிடேட்டர் ட்ரோனை இயக்கிய ஒரு குழு மணிக்கணக்கில் தொடர்ந்தது. படங்களை ஆராய்ந்தவர்கள் குழந்தை தெரிகிறது என்றார்கள். உரையாடல் போகப் போகக் குழந்தை, பதின்வயதினன் ஆயிற்று. பதின்வயதினன் என்றால் ஆயுதம் ஏந்தக்கூடியவன்தானே என்ற பேச்சும் வந்தது. கடைசியில் ஹெலிகாப்டர்கள் சுட்டன. செத்தவர்கள் பொதுமக்கள். படத்தில் குறைந்தது எண், அங்கே கூடியது வயது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். படத்தில் வண்டு வடிவில் ஒரு குட்டிக் கேமரா வீட்டுக்குள்ளேயே பறந்து போய் வெடிமருந்து அங்கிகளைக் காட்டிவிடுகிறது. பார்ப்பவனுக்கு ஐயமே இல்லை: உள்ளே இருப்பவர்கள் கொலைக்குக் கிளம்புகிறார்கள், வெளியே இருப்பவள் அப்பாவி. 'ஒருத்தியா, பலரா' என்று தராசில் சுத்தமாக நிறுத்துப் பார்க்க முடிகிறது. உண்மையில் இந்தத் தெளிவு எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளைக் காரை அமெரிக்கப் படையினர் ட்ரோன் மூலம் ஏறத்தாழ 8 மணி நேரம் பின்தொடர்ந்தார்கள். அதில் ஏற்றியவை வெடிமருந்து என்று நம்பினார்கள், தண்ணீர்க் கலன்கள். 10 பேர் இறந்தார்கள், அதில் 7 பேர் குழந்தைகள். தவறு என்று ஒப்புக்கொள்ள பென்டகனுக்குச் செப்டம்பர் 17 வரை ஆயிற்று. அன்று திரையில் எல்லாம் தெரிந்தது, எதுவும் புரியவில்லை. மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990களில் வியட்நாமில் போரிட்ட அமெரிக்க வீரர்களிடம் கண்டு எழுதிய அறக்காயம் (தன் அறத்துக்கு மாறானது நடந்துவிட்டது என்ற மனப்புண்), 'சரியானதைச் செய்தேன், விலை கொடுத்தேன்' என்பவனைவிட 'செய்தது சரியா என்பதே தெரியவில்லை' என்பவனைத்தான் அதிகம் அரிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டுக் கேமராவை எடுத்துவிட்டு அதே கதையைச் சொல்லியிருந்தால் யாரும் அரங்கில் நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.

அண்ணாந்து பார்ப்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானில் பாட்டியை ட்ரோன் தாக்குதலில் பறிகொடுத்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 2013இல் வாஷிங்டன் வரை வந்து, நீல வானம் இப்போது பிடிப்பதில்லை என்றான். மேகமூட்டமான நாளில்தான் ட்ரோன் பறப்பதில்லையாம். படத்தில் சிறுமிக்கு வானம் என்ற ஒன்றே இல்லை. அப்பா செய்து கொடுத்த வளையத்தை இடுப்பில் சுழற்றுகிறாள், ரொட்டி விற்கிறாள், சாகிறாள்.

இறுதியில் விமானியும் சென்சார் இயக்குநரும் ட்ரோனை இயக்கிய கன்டெய்னர் அறையிலிருந்து வெளியே வருகிறார்கள். வீட்டுக்குப் போய் ஓய்வெடுத்துவிட்டு 12 மணி நேரத்தில் திரும்பி வாருங்கள் என்று அதிகாரி சொல்கிறார். கண்டிப்பாக அல்ல, பரிவாகவே.

எனக்கும் மறுநாள் இரவு அதே நாற்காலிதான். உட்கார்ந்ததும் 7ஆம் கேமராவைப் பெரிதாக்கினேன். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டிகள் பழையபடி அடுக்கியிருந்தன.