சொந்த வீடா, சொந்தத் தெருவா?

வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர், வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: அம்மா, வணக்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து 16 வருடமாகத் திருவல்லிக்கேணியில்தான் வாடகைக்கு இருக்கிறோம். இது மூன்றாவது வீடு. வாடகை 19,000. கணவருக்கு வயது 46. பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்க்கிறார், சம்பளம் 68,000. நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன், மாதம் 14,000 வரும். மகள் ஒன்பதாம் வகுப்பு. மாமியாருக்கு 74 வயது. தினமும் காலையில் பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தே போய் வருவார்.

போன மாதம் வீட்டுக்காரர், 'பையனுக்குக் கல்யாணம், ஆறு மாதத்தில் காலி செய்து கொடுங்கள்' என்று சொல்லிவிட்டார். அன்று இரவு கணவர் சாப்பிடவே இல்லை. 'சுவரில் ஒரு ஆணி அடிக்க இன்னொருத்தரைக் கேட்கிற பிழைப்பு போதும்' என்றார். கூடுவாஞ்சேரியில் 50 லட்சத்துக்கு இரண்டு படுக்கையறை ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறார். 40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். கையில் 14 லட்சம் இருக்கிறது. எனக்கு இந்தத் தெருவை விட்டுப் போக மனசே இல்லை. ஆனால் என் ஆசையால் குடும்பத்துக்கு ஒரு சொத்து சேராமல் போய்விட்டால், அந்தப் பழி என் தலையில்தானே விழும்? நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-5

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணவர் சாப்பிடாமல் படுத்தாரே, அந்த இரவை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நாற்பத்தாறு வயதில், படிக்கிற பெண்ணையும் வயதான அம்மாவையும் வைத்துக்கொண்டு 'காலி செய்' என்று கேட்பது பெரிய அடி. அவர் கேட்பது நியாயம். நான் சொல்லப் போகும் எதையும் அவருக்கு எதிரான வாதமாக அவரிடம் காட்டாதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 40 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700. முதல் மாதம் நீங்கள் கட்டுவதில் 28,300 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,400தான். ஐந்து வருடம் விடாமல் கட்டினால் மொத்தம் 20.8 லட்சம் போயிருக்கும், அசல் குறைந்திருப்பது 4.75 லட்சம். என் கவுன்டருக்கு ஐந்தாம் வருடம் ஸ்டேட்மென்ட் வாங்க வருகிறவர்கள் பாக்கித் தொகையைப் பார்த்துவிட்டு, 'மேடம், இது வேற யாரோட கணக்கோ' என்று காகிதத்தைத் திருப்பித் தருவார்கள். பெயரும் கடன் எண்ணும் அவர்களுடையதுதான் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்த முகங்களை என்னால் மறக்க முடியாது.

அடுத்தது வயது. 20 வருடம் என்றால் அவருக்கு 66 ஆகும்போதுதான் கடன் முடியும். தனியார் கடை, பென்ஷன் கிடையாது. 60 வயதுக்குள் முடிக்க வேண்டும் என்றால் 14 வருடம்தான் இருக்கிறது. அப்படிக் கட்டினால் தவணை 40,800. வங்கி இதைத்தான் முதலில் கேட்கும், கேட்க வேண்டும்.

கையில் இருக்கும் 14 லட்சமும் நிற்காது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு விலையில் 80 சதவீதம்தான் தர முடியும். மீதி 10 லட்சம் உங்கள் பணம். புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதாவது இன்னொரு 3 லட்சம். மிச்சம் ஒரு லட்சம். அதில் மர வேலை, மின் இணைப்பு, சாமான் ஏற்றும் வண்டி. மாமியாருக்கு ஒரு நாள் மூச்சுத் திணறினால் கையில் என்ன இருக்கும்?

இப்போது நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போன விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டியூஷன். அந்த 14,000 திருவல்லிக்கேணியின் பணம். உங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் அம்மாக்கள் அந்தத் தெருவில் இருக்கிறார்கள், கூடுவாஞ்சேரியில் இல்லை. அங்கே போய் மறுபடி பெயர் எடுக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். இன்றைக்கு வாடகை போக உங்கள் கையில் நிற்பது 63,000. அங்கே போனால் தவணை போக நிற்பது 33,300. பராமரிப்புக் கட்டணத்தை நான் இன்னும் கழிக்கவில்லை. வருமானத்தில் பாதி போகிறது, சகோதரி. இது உங்கள் ஆசை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. நீங்கள் சம்பாதிக்கும் பணத்தை நீங்களே கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

கணவரின் பயணமும் இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கூடுவாஞ்சேரி சுமார் 40 கிலோமீட்டர். மின்சார ரயிலில் ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும், இரண்டு பக்கமும் நடை தனி. இப்போது வண்டியில் கால் மணி நேரத்தில் கடைக்குப் போகிறவர் அவர். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் லீவு போடாமல் அவரைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலை ஏழரைக்குக் கூடுவாஞ்சேரி பிளாட்பாரத்தில் நின்று பீச் வண்டியைப் பிடிக்கட்டும், மாலையில் கடை முடிந்ததும் அதே வழியில் திரும்பட்டும். ஒரு நாள் போனால் உற்சாகமாக இருக்கும். வியாழக்கிழமை என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

மாமியார் விஷயத்தில் என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். 1994-இல் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு மடிப்பாக்கத்தில் சொந்தமாகக் கட்டிப் போனோம். அப்போது அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, மழை வந்தால் முழங்கால் சேறு. வங்கியில் வேலை பார்க்கிற நானே, என் கடனுக்கு நானே கையெழுத்துப் போட்ட பெருமையில் இருந்தேன். மாமனாருக்கு 71 வயது. மாம்பலத்தில் தினமும் சாயங்காலம் ஆரிய கௌடா ரோட்டில் அயோத்தியா மண்டபம் வரை நடப்பார். வழியில் காய்கறிக்காரர், பேப்பர் கடை, தன்னோடு ரிட்டயர் ஆன இரண்டு நண்பர்கள். வருடத்துக்கு இரண்டு ஜோடி செருப்பு தேய்ப்பார். புது வீட்டுக்குப் போகும்போது ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தோம். மூன்று வருடம் கழித்து அவர் காலமானபோது, வாசல் பக்கத்து அலமாரியில் அந்தச் செருப்பு இருந்தது. அடிப்பக்கத்தில் கம்பெனி முத்திரை அழியாமல் அப்படியே இருந்தது. ஒரு நாளும் அவர் குறை சொன்னதில்லை. எங்கே போக வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. கேட்டில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

அந்த வீடு பின்னாளில் எங்களுக்கு நன்றாகவே கை கொடுத்தது. பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்த வீட்டில்தான். ஆனாலும் போகும் முன் மாமனாரை நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். 'அம்மா, கூடுவாஞ்சேரி போகலாமா' என்று கேட்டால் 'உங்க இஷ்டம்' என்பார். அப்படிக் கேட்காதீர்கள். ஒரு வாரம் அங்கே யாராவது உறவினர் வீட்டில் அவரைத் தங்க வையுங்கள். அவர் கால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

சரி, என் முடிவு. இந்த ஃப்ளாட்டை இப்போது வாங்காதீர்கள். மகள் பிளஸ் டூ முடிக்கும் வரை திருவல்லிக்கேணியிலேயே இன்னொரு வீடு பாருங்கள். இந்த முறை வாய்ப்பேச்சில் போகாதீர்கள். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் கேளுங்கள், வாடகை வருடா வருடம் எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதத்தில் காலி செய் என்ற பேச்சுக்கு அவ்வளவு சுலபமாக இடம் இருக்காது. ஆயிரம் இரண்டாயிரம் வாடகை கூடுதலானாலும் அந்த ஒப்பந்தத்துக்காகக் கொடுக்கலாம். அப்புறம், வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டு நான்கு ஆணி அடித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவருக்கு அது தேவை.

இதோடு இன்னொன்று. அடுத்த மாதத்திலிருந்து தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம் 15,700-ஐ ஆர்.டி.யில் (மாதா மாதம் கட்டும் வங்கிச் சேமிப்பு) போடுங்கள், டியூஷன் பணத்தைத் தொடாமல். ஒரு வருடம் மூச்சு முட்டாமல் போட முடிந்தால் உங்களால் கடன் தாங்க முடியும் என்று அர்த்தம். முடியவில்லை என்றால் அதுவும் கடன் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவிடும், நஷ்டம் எதுவும் இல்லை. மூன்று வருடத்தில் விலை ஏறிவிடாதா என்று அவர் கேட்பார். ஏறலாம், மறுக்கவில்லை. ஆனால் அப்போது கையில் 14-க்குப் பதில் 20 லட்சம் இருக்கும், கடன் சிறியதாக இருக்கும், பெண்ணின் கல்லூரி எந்தப் பக்கம் என்பதும் தெரிந்திருக்கும். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் பதினைந்து வருடப் பழைய சின்ன ஃப்ளாட்டுகளையும் அப்போது பாருங்கள்.

உங்கள் பேட்டையிலேயே பழைய ஃப்ளாட் ஏதாவது கிடைத்தால் விட வேண்டாம், ஆனால் அவசரமும் வேண்டாம். கோயிலைச் சுற்றிக் கோயில் மனையில் நிற்கும் கட்டடங்கள் உண்டு. மனை கோயிலுடையது, கட்டடம் மட்டும் விற்பவருடையது. அதற்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். மனை யார் பெயரில் என்று 30 வருட வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பிரிபடாத மனைப் பங்கு, அதாவது மொத்த மனையில் அந்த ஃப்ளாட்டுக்குச் சேரும் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் படியுங்கள். பழைய கட்டடத்தின் மதிப்பு அந்தப் பங்கில்தான் இருக்கிறது.

கேள்வி: நான் முடிச்சூரில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறேன். வயது 68, மனைவி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டில் மட்டம் வரை தண்ணீர் வந்ததிலிருந்து மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை. நான் 30 வருடம் வேலை பார்த்த அசோக் நகரில், நண்பர்கள் பக்கத்தில் சின்ன வாடகை வீடு எடுத்துப் போக ஆசை. 'சொந்த வீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்குப் போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்கிறான் மகன்.
– ஒரு வாசகர், முடிச்சூர்

பதில்: ஐயா, போங்கள். மேலே எழுதியிருக்கும் செருப்புக் கதையை உங்கள் மகனும் படிக்கட்டும். நீங்கள் வீட்டை இழக்கவில்லை, அதை வாடகைக்கு விடுகிறீர்கள். முடிச்சூர் வாடகை அசோக் நகர் வாடகைக்குப் போதாது. வித்தியாசத்தை உங்கள் பென்ஷனோ வட்டியோ தாங்குமா என்று மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாங்கினால் தயங்க வேண்டாம். குடி வருகிறவரிடம் வெள்ளம் வந்த மட்டத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஒப்பந்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். பத்திரங்களை வீட்டில் வைக்காமல் வங்கி லாக்கரில் வையுங்கள்.

புது வீடு பார்க்கும்போது லிஃப்ட் இருக்கிற கட்டடமா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று பாருங்கள். நண்பர் வீட்டுக்கு நடந்து போக எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதை வெயில் நேரத்தில் ஒரு முறை நடந்தே பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.