முட்டையைத் தின்பது நத்தைதானா? ஏஞ்சல் மீன் குஞ்சுகளைக் காக்கும் முறை

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் வசிக்கிறேன். என் 100 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள் அகன்ற இலை ஒன்றின் மேல் முட்டையிடுகின்றன. மறுநாள் சில முட்டைகள் வெளுக்கின்றன; மூன்றாம் நாள் காலையில் ஒன்றுகூட இருப்பதில்லை. இலை மேல் நத்தைகள் ஊர்கின்றன. ஒருமுறை பொரிந்து நீந்தத் தொடங்கிய குஞ்சுகளும் சில நாட்களில் குறைந்து மறைந்தன. கண்ணாடியில் வெள்ளை நூல் போல ஏதோ தெரிகிறது. பக்கத்து ஏரியில் எடுத்த வேலம்பாசியைத் தொட்டியில் போட்டிருக்கிறேன். நத்தைக்கொல்லி மருந்து ஊற்றலாமா?

பதில்: ஊற்ற வேண்டாம். இவ்வகை மருந்துகள் பலவற்றில் உள்ள தாமிர உப்பு குஞ்சுகளுக்கு நஞ்சாகும். அதைவிடப் பெரிய ஆபத்து, கற்களுக்கு இடையில் ஒரே நேரத்தில் செத்து அழுகும் நத்தைகளிலிருந்து வெளியாகும் அம்மோனியா. அது வளர்ந்த மீன்களையே கொன்றுவிடக்கூடும். நத்தை முட்டையைத் தொடவே தொடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இலை மேல் நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் வெளுத்துச் செத்த முட்டைகளை மேய வந்தவை. இலை முழுவதும் ஒரே இரவில் காலியானால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தாய், தந்தை மீன்களைத்தான். இளம் ஜோடிகள் முதல் சில முறை இட்ட முட்டைகளைத் தாமே தின்றுவிடுவது வழக்கம்.

கருவுற்ற முட்டை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கருவுறாதது வெளுத்து, பூஞ்சை பிடித்து, பக்கத்து முட்டைகளையும் கெடுக்கும். சில மட்டும் வெளுப்பது இயல்பே. எல்லாமே வெளுத்தால் காரணம் வேறு: இரண்டு பெண் மீன்கள் ஜோடி சேர்ந்து முட்டையிட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் மிகவும் கடினமாக இருக்கலாம். உங்களிடம் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு படியும் வகையாக இருந்தால், மேட்டூர்க் குடிநீரைப் பிடித்து, குளோரின் நீங்க ஒரு நாள் முழுவதும் காற்றுக்குமிழ் விட்டு வைத்துப் பயன்படுத்துங்கள்.

பூச்சிகளைத் துரத்துவதற்கு முன் முட்டைகளைத் தொட்டியிலிருந்து வெளியேற்றுவதே சரியான வரிசை. மணலோ செடியோ இல்லாத 20 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அதே தொட்டித் தண்ணீரை மெல்லிய துணியில் வடித்து நிரப்பி, முட்டையிட்ட இலையைக் காம்போடு வெட்டி, கிண்ணத்தில் நீருக்குள்ளேயே வைத்து மாற்றுங்கள். காற்றுக்கல்லை இலைக்கு அருகில் வைத்து, குமிழ்கள் முட்டைகள் மேல் நேரே மோதாமல் நீர் மட்டும் மெதுவாக அசையும்படி செய்யுங்கள். பூஞ்சையைத் தடுக்க மெத்திலீன் ப்ளூ என்ற நீல நிற மருந்தைச் சேருங்கள்; 1 சதவீதக் கரைசலாக இருந்தால் 20 லிட்டருக்கு 2 மில்லி போதும். 28 டிகிரியில் ஏறத்தாழ இரண்டரை நாளில் முட்டை பொரியும். தண்ணீர் குளிர்ந்தால் பொரிவது தாமதமாகி, பூஞ்சை முந்திக்கொள்ளும். ஆகவே மார்கழி, தை இரவுகளில் சேலத்திலேயே ஹீட்டர் தேவை. ஏற்காட்டில் வளர்ப்பவர்கள் அது இல்லாமல் இந்த மீனை இனப்பெருக்கம் செய்ய நினைக்கவே வேண்டாம்.

பொரிந்த குஞ்சுகள் நான்கைந்து நாட்கள் இலையில் ஒட்டியபடி வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். அப்போது வயிற்றோடு ஒட்டியுள்ள மஞ்சள்கருப் பையில் உள்ள உணவே அவற்றுக்குப் போதும் என்பதால் எதையும் போடக்கூடாது. இந்த நாட்களில் தினமும் கால் பங்கு நீரை மாற்றி நீல நிறத்தை நீக்கிவிடலாம். நீந்தத் தொடங்கியதும், உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் வகையான ஆர்ட்டீமியாவைப் புதிதாகப் பொரிக்க வைத்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பைக் கரைத்து, அதன் முட்டைகளைப் போட்டு, அடியிலிருந்து பலமாகக் காற்று விட்டால் 24 முதல் 36 மணி நேரத்தில் அது பொரியும். காற்றை நிறுத்தியதும் ஓடுகள் மேலே மிதக்கும். உயிருள்ளவை வெளிச்சத்தை நோக்கிக் கூடும். அவற்றை மட்டும் உறிஞ்சி எடுத்து, நல்ல நீரில் அலசிய பின் போடுங்கள்.

உங்கள் குஞ்சுகள் குறைந்ததற்குக் காரணம் இந்த உணவு மிஞ்சியதாகவும் இருக்கலாம். நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரமே உயிரோடிருக்கும். தின்னாமல் கிடப்பவற்றால் ஹைட்ரா, பிளனேரியா என்னும் சிற்றுயிர்கள் பெருகுகின்றன. கண்ணாடியில் தெரியும் நூலின் நுனியில் சிறு கைகள் விரிந்து, தொட்டதும் அது புள்ளி போலச் சுருங்கினால் ஹைட்ரா; குஞ்சுகளைக் கொட்டிப் பிடித்துத் தின்னும். தட்டையாக, முக்கோணத் தலையோடு வழுக்கிச் சென்றால் பிளனேரியா. அசையாத முட்டைகளுக்கு அது எதிரி. அதை நசுக்காதீர்கள், துண்டுகளிலிருந்து மீண்டும் முளைக்கும். உருண்டு மெலிந்து, நீரில் நெளிந்து நீந்தினால் அது கழிவைத் தின்னும் சாதாரணப் புழு. தீங்கில்லை, தீனியைக் குறைத்தால் போதும். முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும், பெரிய தொட்டிக்குக் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து உதவும்: 100 லிட்டருக்கு ஏறத்தாழ 60 மில்லிகிராம் மருந்து. மாத்திரையின் எடையை அல்ல, அதில் உள்ள மருந்தின் அளவையே கணக்கிடுங்கள். இது எளிதில் கரையாது. பொடித்து வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் குலுக்கி ஊற்ற வேண்டும். முட்டையோ குஞ்சோ உள்ள தொட்டியில் இதைப் போடாதீர்கள். நத்தைகளில் சில வகைகளும் இதில் சாகும் என்பதால் செத்தவற்றை உடனே எடுத்துவிடுங்கள்.

ஏரிப் பாசியை என்ன செய்வது? அதோடு ஹைட்ராவும் நத்தை முட்டையும் மட்டுமல்ல, தட்டானின் நீர்வாழ் இளம்புழுவும் வந்திருக்கலாம். அது ஒன்றே ஒரு கூட்டம் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். இருக்கும் பாசியை அகற்றிவிட்டு, இனி வேண்டுமானால் கடையில் வாங்கிய செடியையும்கூட மீனில்லாத வாளியில் மூன்று வாரம் வெளிச்சத்தில் வைத்து, நத்தைக் குஞ்சுகள் தென்படுகின்றனவா என்று பார்த்த பின் தொட்டியில் நடுங்கள்.