எனர்ஜி: எந்த இடத்தில் எந்தச் சொல்?

தர்மபுரியில் ஆங்கிலம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரிடம், 'எனர்ஜி' என்ற சொல்லையும் அதன் சொந்தக்காரச் சொற்களையும் பற்றிப் பலர் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

பாலக்கோடு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி: பவர், ஸ்ட்ரெங்த், ஸ்டாமினா, விகர், ஜெஸ்ட், டிரைவ் என்று எனர்ஜிக்கு ஒரு பட்டியலே மனப்பாடம் செய்திருக்கிறேன் சார். எதை வேண்டுமானாலும் எங்கேயும் போடலாமா?

போடக்கூடாதும்மா. பட்டியலாக மட்டும் படிப்பதால்தான் தேர்வில் தடுமாறுகிறோம். நம் பேச்சையே பாருங்கள். மூட்டை தூக்குகிறவருக்கு வலு இருக்கிறது என்போம். காய்ச்சலில் படுத்து எழுந்தவர் "இப்பதான் கொஞ்சம் தெம்பு வந்திருக்கு" என்பார். அம்மனுக்குச் சக்தி அதிகம் என்போம், தெம்பு அதிகம் என்று சொல்லமாட்டோம். ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனி இடம் உண்டு.

மூட்டை தூக்கும் வலு ஸ்ட்ரெங்த். தீர்த்தமலைப் படிகளைக் கடைசிவரை ஏற விடுவது ஸ்டாமினா, அதாவது நீண்ட நேரம் தாங்கும் திறன். வலு இருந்தும் ஸ்டாமினா இல்லாதவர்கள் நிறையப் பேர். டிரைவ் என்பது சாதிக்க வேண்டும் என்று உள்ளிருந்து உந்துவது. உடம்பு சோர்ந்தவருக்கும் அது இருக்கலாம். ஜெஸ்ட் என்றால் ஆசையோடு ஈடுபடும் துடிப்பு, 'ஜெஸ்ட் ஃபார் லைஃப்' என்றுதான் பெரும்பாலும் வரும். விகர் என்றால் உடம்பிலும் மனதிலும் உள்ள துடிப்பான வலு. அது எழுத்து நடைக்கு உரியது, பேச்சில் அரிது.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் எழுதிப் படியுங்கள். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை அந்த வாக்கியத்துக்குள் வைத்து வாசித்துப் பாருங்கள். ஒட்டாத சொல் காதுக்கே தெரிந்துவிடும்.

ஓசூர், வேலை தேடும் இளைஞர்: நேர்காணலில் "ஐ ஆம் ஃபுல் எனர்ஜி பெர்சன்" என்று சொல்கிறேன். சரியா அண்ணா?

"ஐ ஆம் அன் எனர்ஜெடிக் பெர்சன்" என்பதுதான் சரி தம்பி. அந்த 'அன்' விட்டுப் போகக்கூடாது. 'பவர்ஃபுல் பெர்சன்' என்றால் செல்வாக்குள்ள பெரிய மனிதர் என்றாகிவிடும். 'ஹைப்பர்ஆக்டிவ்' வேண்டவே வேண்டாம், ஓரிடத்தில் உட்கார முடியாத குழந்தைகளுக்குச் சொல்வது அது. என்னைக் கேட்டால், இந்தச் சொல்லையே நம்பியிருக்காதீர்கள். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே படிப்பை முடித்திருந்தால் அதைச் சொல்லுங்கள், சுறுசுறுப்பு தானாகப் புரியும்.

காரிமங்கலம், மாவு மில் வைத்திருப்பவர்: மோட்டாரில் 5 ஹெச்பி என்று போட்டிருக்கிறது. மின் கட்டணம் யூனிட்டில் வருகிறது. இரண்டும் பவர்தானே?

இல்லைங்க, இங்கே இரண்டும் வேறு வேறு. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது பவர், தொட்டியில் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது என்பது எனர்ஜி. ஹெச்பி, அதாவது ஹார்ஸ்பவர் (குதிரைத்திறன்), என்பது பவர். நீராவி எஞ்சின் குதிரைக்கு ஈடாக எவ்வளவு வேலை செய்யும் என்று வாங்குபவர்களுக்குக் காட்ட ஜேம்ஸ் வாட் பயன்படுத்திய கணக்கு அது. 1 ஹெச்பி 746 வாட். உங்கள் மோட்டார் 3,730 வாட், அதாவது 3.73 கிலோவாட்.

யூனிட் என்பது எனர்ஜி. 1 கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அறிவியலில் எனர்ஜியை அளக்கும் ஜூல் கணக்கில் 36 லட்சம் ஜூல். முழுச் சுமையில் 2 மணி நேரம் அரைத்தால் சுமார் 7.5 யூனிட் ஆகும். மோட்டாரே சூடாகிக் கொஞ்சம் வீணாக்குவதால் மீட்டர் அதைவிடச் சற்று கூடுதலாகக் காட்டும்.

கிருஷ்ணகிரி, பள்ளிக் குழந்தையின் தாய்: பிஸ்கட் பாக்கெட்டில் எனர்ஜி அதிகம் என்று இருக்கிறது. அப்படியானால் சத்து அதிகமா?

இதைக் கேட்டீர்களே, ரொம்பச் சந்தோஷம்மா. பாக்கெட்டில் வரும் எனர்ஜி வெறும் கலோரிக் கணக்கு. மாவுச்சத்து, புரதம் இரண்டிலும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்பில் 9. சர்க்கரையும் எண்ணெயும் கூடினால் அந்த எண் தானாக ஏறும். அது சத்துக்குச் சான்று ஆகாது. நம் ஊர்க் கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. எனர்ஜி வரியில் அது வரவே வராது. களியைத் தாராளமாகக் கொடுங்கள். பாக்கெட்டில் புரதம், சர்க்கரை வரிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஊத்தங்கரை வாசகர்: கரண்ட் போனால் ஏன் பவர்கட்? எனர்ஜிகட் என்று சொல்லலாமா?

சொல்வதில்லை. பிரிட்டனில் பவர் கட், அமெரிக்காவில் பவர் அவுட்டேஜ். அவ்வளவுதான்.

அரூர், தமிழாசிரியர்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது ஐயா?

கிரேக்கத்திலிருந்து ஐயா. 'எர்கான்' என்றால் வேலை. அதிலிருந்து 'எனர்கேயா' என்ற சொல்லை அரிஸ்டாட்டில் 'செயல்படும் நிலை' என்ற பொருளில் கையாண்டார். இயற்பியலில் இன்றைய பொருளுக்கு நெருக்கமாக இதைப் பயன்படுத்தியவர் ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் யங், 1807இல் வெளியான அவருடைய விரிவுரைகளில். நம் 'ஆற்றல்' கூட 'பணியாற்று' என்பதில் வரும் 'ஆற்று' தானே? அதுவும் செயலைத்தான் சுட்டுகிறது.

பென்னாகரம், கல்லூரி மாணவர்: எனர்ஜிக்குப் பன்மை உண்டா சார்?

பெரும்பாலும் கிடையாது. 'மெனி எனர்ஜி' என்று எழுதாதீர்கள், 'எ லாட் ஆஃப் எனர்ஜி' என்று எழுதுங்கள். ஒருவர் தன் முழு முயற்சியையும் ஒரு வேலையில் போட்டார் என்னும்போது மட்டும் 'ஆல் ஹிஸ் எனர்ஜீஸ்' என்று வருவதுண்டு, அது சரிதான்.