துடிப்பான குறோஸ் நாய்க்கு எந்தச் சாப்பாடு?

கேள்வி: ஒட்டுசுட்டானில் கச்சான் தோட்டம் செய்கிறேன். எங்களிடம் ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆன அல்சேசன் குறோஸ் கடுவன் நாய் நிற்கிறது. நிறை கிட்டத்தட்ட 20 கிலோ. விடிந்ததில் இருந்து குரங்கு, மயில் என்று துரத்திக்கொண்டு ஓயாமல் ஓடும். வீட்டில் மிஞ்சும் சோறும் கறியும்தான் போடுகிறோம். விலா எலும்பு தெரியத் தொடங்கிவிட்டது. குட்டியை விற்றவர், "இது பாதி அல்சேசன், ஊர்ச் சாப்பாடு ஒத்துவராது" என்று சொல்லி வெளிநாட்டுத் தீனை அவரே கிலோக் கணக்கில் பொலித்தீன் பையில் கட்டித் தருகிறார். கல்சியம் ரொனிக்கும் வாங்கச் சொல்கிறார். மாமியோ இறைச்சி போட்டால் ஆளைக் கடிக்கும் என்கிறார். நான் என்ன கொடுக்க வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதி அல்சேசன் என்பதற்காக ஒரு தனிச் சாப்பாடு கிடையாது. நாய்க்கு என்ன, எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது அதன் நிறை, வயது, வேலை, உடம்பின் நிலை ஆகியவைதான். தகப்பன் நாய் என்ன சாதி என்பதால் வயிறு மாறிவிடாது. சோற்றைச் செரிக்கும் திறன் எல்லா வீட்டு நாய்களுக்கும் உண்டு. ஓநாயிடம் இருந்து நாய் பிரிந்து மனிதரோடு வாழத் தொடங்கிய பிறகு வந்த மாற்றம் அது. அல்சேசனுக்கும் அது பொருந்தும். ஆகவே சோற்றுப் பானையை நீங்கள் கைவிடத் தேவையில்லை. அதில் குறைவதைச் சேர்த்தால் போதும்.

சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் நாயின் வாயைத் திறந்து முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தால் எந்தச் சாப்பாட்டாலும் அது தேறாது. காரணம் பெரும்பாலும் வயிற்றில் கொக்கிப்புழு, அல்லது உண்ணி கடித்து வரும் இரத்த நோய். வன்னியில் காணி, பற்றை, குளக்கட்டு என்று திரியும் நாய்க்கு இரண்டும் வரலாம். காதின் உட்பக்கம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டியின் அடி ஆகிய இடங்களில் உண்ணியைத் தேடுங்கள். பூச்சிக் குளிசையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நிறைக்கு ஏற்ற அளவில் கொடுக்க வேண்டும். கண்மதிப்பில் அரைக் குளிசை கொடுத்துவிட்டுப் பூச்சி மருந்து கொடுத்தாயிற்று என்று இருப்பவர்கள்தான் அதிகம். நன்றாகச் சாப்பிட்டும் மெலியும் நாய்களில் பலவற்றுக்கு இதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விலா எலும்பு தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடித் திரியும் நாய்க்குக் கடைசி இரண்டு விலா இலேசாகத் தெரிவது குறையல்ல. விலாவின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மெல்லிய படலத்துக்குக் கீழே எலும்பு தட்டுப்பட வேண்டும். முள்ளந்தண்டும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நின்றால்தான் அது மெலிவு.

சரி, அளவுக்கு வருவோம். படுத்தே கிடக்கும் 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 950 கிலோகலோரி போதும். உங்களுடையது போல ஓடும் நாய்க்கு 1,300 வேண்டும், வேலை கூடினால் அதற்கும் மேல். மிஞ்சிய சோறும் குழம்பும் மட்டும் என்றால் வயிறு நிறையும், ஆனால் தசைக்குத் தேவையான புரதம் சேராது. உங்கள் நாய்க்கு நான் சொல்லும் ஒரு நாள் சாப்பாடு இது: 150 கிராம் அரிசி (குறுணலும் சரி), 50 கிராம் பருப்பு, 300 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு அவித்த முட்டை, ஒரு கைப்பிடி பூசணி அல்லது முருங்கை இலை, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். அரிசி, பருப்பு, மீன் எல்லாம் சமைக்க முன் நிறுத்த அளவுகள். தேங்காயெண்ணெயில் நாயின் தோலுக்கும் மயிருக்கும் வேண்டிய கொழுப்பு மிகக் குறைவு, நல்லெண்ணெயில் நிறைய இருக்கிறது. அதனால்தான் நல்லெண்ணெய் என்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் மீனில் கொஞ்சத்தைக் குறைத்து ஒரு சிறு துண்டு ஈரல் சேர்க்கலாம். தினமும் ஈரல் கூடாது.

இதை இரண்டாகப் பிரித்து, பெரிய பங்கை மாலையில் கொடுங்கள். அல்சேசன் போல ஆழமான நெஞ்சுள்ள நாய் வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் ஓடினால் இரைப்பை ஊதித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது கட்டி வையுங்கள். சோளகம் வீசும் வறண்ட மாதங்களில் தோட்டத்தில் நிழலில் தண்ணீர்ச் சட்டி எப்போதும் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக் கறி நாய்க்கு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்தாலும் அந்தக் கெடுதல் போகாது. கறிக்குழம்பு ஊற்றிப் பிசையும் சோற்றில் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. உங்கள் சட்டியில் உள்ளியும் வெங்காயமும் தாளிக்க முன் நாயின் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள், வேறு வேலை இல்லை. கருவாட்டை ஊறவைத்து உப்பை நீக்காமல் போடாதீர்கள்.

அடுத்தது எலும்பும் கல்சியமும். எல்லோரும் தடுமாறும் இடம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சமைத்த எலும்பு நாய்க்குக் கொடுக்கக் கூடாது. கோழி எலும்பு அவிந்தால் கூராக உடைந்து குடலைக் குத்தும். இதற்கு ஒரு விதிவிலக்கு, சூடை, சாளை போன்ற சிறு மீன். அவற்றைப் பிறஷர் குக்கரில் முள் விரலால் நசுங்கும் வரை அவித்தால் முள்ளோடு கொடுக்கலாம். நசுங்குகிறதா என்று ஒவ்வொரு தடவையும் நீங்களே பிசைந்து பாருங்கள். நசுங்காவிட்டால் இன்னும் அவியுங்கள், அல்லது முள்ளை எடுத்துவிடுங்கள். குளத்துப் பெரிய மீனின் முள் இந்த விதிவிலக்குக்குள் வராது. அது எவ்வளவு அவித்தாலும் நம்ப முடியாது, சதையை மட்டும் எடுங்கள். சிறு மீன் முள்ளோடு போகும் நாட்களில் கல்சியம் அதிலேயே கிடைத்துவிடும், வேறு எதுவும் சேர்க்க வேண்டாம். ஆனால் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும் வாடைக்காலத்தில் மீன் விலை ஏறும், நீங்களும் கோழிக்கு மாறுவீர்கள். எலும்பில்லாத கோழிச்சதையிலும் முள் எடுத்த மீன் சதையிலும் கல்சியம் கிட்டத்தட்ட இல்லை. அந்த நாட்களில் மட்டும், கழுவிக் காயவைத்து மாவாக அரைத்த முட்டைக்கோதை அரைத் தேக்கரண்டி சேருங்கள். அதில் ஏறக்குறைய 1 கிராம் கல்சியம் இருக்கிறது, உங்கள் நாய்க்கு அது அளவானது. சிறு மீன் திரும்ப வந்ததும் கோதுத் தூளை நிறுத்திவிடுங்கள். பழக்கத்தில் தொடராதீர்கள்.

இதைக் கவனித்தால் ரொனிக் தேவைப்படாது. வளரும் பெரிய சாதிக் குட்டிகளுக்கு நல்ல முழுத் தீனின் மேல் கல்சியம் ஊற்றுவது மூட்டையும் கால் எலும்பையும் கோணலாக்கும். ரொனிக் குடித்தும் கால் வளைகிறதே என்று கேட்கிறார்கள். ரொனிக் குடித்ததாலேயே வளைந்த கால்களும் அவற்றில் இருக்கின்றன. குட்டி விற்பவரே தீன் விற்பவர், அவரே ரொனிக் விற்பவர், அவரே ஆலோசகர் என்றால் அங்கே கிடைக்கும் ஆலோசனைக்கு ஒரே நோக்கம்தான் இருக்கும்.

பொலித்தீன் பையில் கட்டித் தருவதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். மூட்டை எப்போது திறந்தது, எத்தனை மாதம் ஈரக் கடையில் நின்றது, திகதி முடிந்ததா என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. திறந்த தீனில் உள்ள கொழுப்பு காற்றுப் பட்டுச் சிக்கு மணம் ஏறும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு நாயின் ஈரலை அழிக்கும், மணத்தாலும் நிறத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. மூட்டைத் தீன்தான் வேண்டும் என்றால் முழு மூட்டையாக, திகதி பார்த்து, பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். புரதம் 18 வீதத்துக்குக் கீழே என்றால் வேண்டாம். "எனர்ஜி" என்று வெளியே பெரிதாக எழுதியிருப்பதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை.

இன்னொன்று, இது நீங்கள் கேட்காதது. செலவு குறைக்கப் புரொயிலர் தீனைச் சோற்றோடு குழைத்து நாய்க்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் தடுக்கச் சில தீன்களில் ஒரு மருந்து கலந்திருக்கும். கோழி அதைத் தாங்கும். நாய்க்குக் கால்கள் சோர்ந்து, எழும்ப முடியாமல் போய், மூச்சுத் தசையும் நின்றுவிடலாம். எந்த மூட்டையில் அது இருக்கிறது என்று தமிழில் வாசித்து அறியக்கூடிய நிலை இங்கே இல்லை. கோழிக்கடை மேசையில் கிடக்கும் பச்சைக் குடலையும் மாட்டின் பச்சை ஈரலையும் நாய்க்கு எறிய வேண்டாம், குடலில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கும், மாட்டு ஈரல் வழியாக ஒரு வகை நாடாப்புழு வீட்டுக்குள் வரலாம்.

இதையெல்லாம் சொல்ல உங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஒரு பிரதேசத்துக்கு ஒரு கால்நடை வைத்தியர். மாடு, ஆடு, கோழி, சினைப்படுத்தல், கடன் விண்ணப்பத்துக்குக் கையெழுத்து என்று அவருடைய நாள் முடிந்துவிடும். நாய் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறது. விசர்நாய்த் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது, மிக நல்ல விடயம், தவறவிடாதீர்கள். ஆனால் ஊசி போடும் அந்த ஒரு நாளில் நாயின் நிறையைப் பார்த்து, பூச்சிக் குளிசையையும் அளவாகக் கொடுத்து, என்ன போடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் எத்தனை நாய்கள் தேறும்! அதைச் செய்யாமல் விட்ட வெற்றிடத்தில்தான் குட்டி விற்கும் தரகர் உட்கார்ந்திருக்கிறார்.

மாமி சொல்வதற்கு வருவோம். இறைச்சி தின்றதால் நாய் ஆளைக் கடிக்காது. குட்டியில் ஆட்களோடு பழகாததும், நாள் முழுக்கச் சங்கிலியில் கிடப்பதும், பயமும், நோவும்தான் கடிக்க வைக்கும். துடிப்பைக் குறைக்கச் சாப்பாட்டைக் குறைப்பதும் வேண்டாம். பசித்த நாய் தோட்ட எல்லை தாண்டித் திரியும், பன்றிக்கு வைத்த வெடியைத் தீன் என்று கவ்வும். உங்கள் பகுதியில் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

புதிய சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் வயிற்றால் போகும். நெல் நிறுக்கும் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியே நின்று, வித்தியாசத்தை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். முள்ளந்தண்டு மூடிக்கொண்டு வந்தால் இதே அளவு. இரண்டு மாதத்தில் நிறை ஏறாவிட்டால் அரிசியைக் கூட்டாதீர்கள். அன்று காலை போட்ட மலத்தில் ஒரு துண்டைச் சுத்தமான சின்னப் போத்தலில் எடுத்துக்கொண்டு நாயோடு வைத்தியரிடம் போங்கள். சிறுநீர் கோப்பி நிறத்தில் போனாலோ, ஓடுகிற நாய் திடீரென்று ஓட மறுத்தாலோ அந்த இரண்டு மாதத்தையும் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கொண்டு போங்கள்.